30 வருட அடுக்குமாடி, தூணில் வெடிப்பு: கையெழுத்துப் போடும் இன்ஜினியரை யார் பிடிப்பது, சங்கமா காண்டிராக்டரா?

திருவான்மியூர்_செயலாளர் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் குடியிருப்பு 1993-இல் கட்டியது. கீழே தூண்கள் மட்டும் நிற்கிற ஸ்டில்ட் பார்க்கிங், மேலே மூன்று மாடி, மொத்தம் 18 வீடுகள். கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். வாங்கும்போது எல்லோருக்கும் அதுதான் பெருமை.

இரண்டு மழைக்காலமாக ஸ்டில்ட்டில் பூச்சு உதிர்கிறது. போன மாதம் ஒரு காரின் பானெட் மேல் கான்கிரீட் துண்டே விழுந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தால் ஸ்லாப் கம்பி துருவேறித் தெரிகிறது. நான்கைந்து தூண்களில் மூலையை ஒட்டி மேலிருந்து கீழாக நேர்கோட்டில் வெடிப்பு.

ஒரு காண்டிராக்டர் வந்து பார்த்து, 14 தூணுக்கும் ஜாக்கெட்டிங் (சுற்றிப் புதுக் கான்கிரீட் உறை), ஸ்லாப் அடியில் ஒட்டு வேலை, வெளிப்புறம் பெயின்ட் எல்லாம் சேர்த்து 22 லட்சம் சொன்னார். "கார்ப்பரேஷன் பர்மிஷன், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சர்டிபிகேட் எல்லாம் நானே பார்த்துக்கறேன் சார், அதுக்குத் தனியா 40 ஆயிரம்" என்றார். கமிட்டியில் பாதிப் பேர் இது வசதி என்கிறார்கள். எனக்கு ஏதோ இடறுகிறது.

ரிப்பேருக்கு அனுமதி வேண்டுமா? வேண்டுமென்றால் எந்த இன்ஜினியரின் கையெழுத்து செல்லும்? இன்னொன்று: இரண்டாம் மாடிக்காரர் ஒருவர், "எப்படியும் சாரம் கட்டப் போறீங்க, அப்படியே என் ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவில் இருக்கிற சுவரை எடுத்துக் கொடுத்துடுங்க" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

எதற்கு_வம்பு

ரிப்பேருக்கு யாராவது பர்மிஷன் வாங்குவார்களா? எங்கள் தெருவில் வருடத்துக்கு நாலு கட்டடம் சாரம் கட்டிப் பெயின்ட் அடிக்கிறார்கள், ஒருத்தரும் எந்த ஆபீஸுக்கும் போனதில்லை. நீங்களாகப் போய் மனு கொடுத்தால் பிளானில் இல்லாத வாட்ச்மேன் ரூம், மொட்டை மாடி ஷெட் எல்லாம் வெளியே வரும். சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதீர்கள்.

தூணும்_பீமும் (ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், சென்னை)

எதற்கு_வம்பு சொல்வது பாதி சரி. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் அனுமதி தேவைப்படாத வேலைகளுக்கு ஒரு பட்டியலே இருக்கிறது. வெள்ளையடிப்பது, பெயின்ட், பூச்சு ஒட்டுவது, ஜன்னல் கிரில், தூண் பீமைத் தொடாத உள் அலங்காரம் இதெல்லாம் அதில் வரும். தெருவில் நீங்கள் பார்க்கும் நாலு சாரமும் அந்த வகைதான்.

ஜாக்கெட்டிங் அப்படியல்ல. தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றித் தடிமனாக்குகிறோம். பழைய கட்டடங்களை வலுப்படுத்துவதற்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 15988 அந்த உறைக்குக் குறைந்தது 100 மி.மீ. தடிமன் கேட்கிறது. அதாவது தூணின் ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் பெருக்கும். ஸ்டில்ட்டில் இரண்டு தூணுக்கு நடுவே இரண்டு கார் நிற்கிறது என்றால் ஒரு கார் நிற்க முடியாமலே போகலாம். ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம் வேண்டும். அனுமதி வாங்கிய பிளானில் காட்டிய பார்க்கிங் குறைந்தால் அது விதிச் சிக்கல், கார் வைத்திருப்பவருக்கும் சங்கத்துக்கும் சண்டை வேறு. ஆகவே கட்டமைப்பைத் தொடுகிற வேலையை மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்துக் கேட்டுவிட்டு, பதிவு பெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் வரைபடத்தோடு செய்யுங்கள். மொட்டை மாடி ஷெட்டுக்குப் பயந்து தூணை மறைத்து வைக்க முடியாது.

யார் கையெழுத்து செல்லும் என்பதற்கு: ஆர்க்கிடெக்டுகளுக்கு 1972-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, கவுன்சிலில் பதிவு இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. பொறியாளர்களுக்கு அதுபோல நாடு முழுவதற்குமான உரிமச் சட்டம் நம் நாட்டில் இல்லை. பி.இ. சிவில் முடித்த யாரும் விசிட்டிங் கார்டில் 'ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட்' என்று அச்சடித்துக்கொள்ளலாம். நம் ஊரில் 'லைசென்ஸ்' என்றால் சிஎம்டிஏ போன்ற திட்ட அமைப்பிலோ உள்ளாட்சியிலோ 2019 விதிகளின்கீழ் செய்த பதிவுதான். அதில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தனி வகை, அதற்குள் தர வரிசையும் உண்டு. பிளான் வரைந்து கொடுக்கிற சர்வேயரோ, வீடு கட்டிக் கொடுக்கிற சைட் இன்ஜினியரோ அந்த வகையில் வர மாட்டார்கள். பதிவு எண்ணும் அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொள்கிறவர் வேண்டாம்.

மடிப்பாக்கம்_ரவி

இப்போதெல்லாம் சுயசான்று முறை வந்துவிட்டதே, ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்குமே?

தூணும்_பீமும்

அது வேறு. 2024 ஜூலையில் வந்த அந்தத் திட்டம் 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர்களுக்கு. 18 வீட்டு அடுக்குமாடியின் தூண் ரிப்பேர் அதில் நுழையாது.

சாரங்கட்டி (ரிப்பேர் காண்டிராக்டர், 20 வருடம்)

சார்களுக்கு வணக்கம். காண்டிராக்டர் என்றாலே திருடன் மாதிரிப் பேசுவது இங்கே வழக்கமாகிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

சங்கங்கள் எப்படி நடந்துகொள்கின்றன தெரியுமா? மூன்று கொட்டேஷன் வாங்குவார்கள். "இன்ஜினியர் ஃபீஸ் தனியா? அதெல்லாம் எங்களால முடியாது, நீங்களே சேர்த்துப் போடுங்க" என்பார்கள். சேர்த்துப் போட்டால் குறை, போடாவிட்டால் வேலை கிடையாது. அப்படித்தான் நாங்கள் தெரிந்த இன்ஜினியரிடம் போய்க் கையெழுத்து வாங்கும் நிலை வந்தது. அப்புறம், பெரிய கன்சல்டன்ட்டைப் போட்ட சைட்டிலும் வேலை செய்திருக்கிறேன். முதல் நாள் அவர் வருவார், மறுநாளிலிருந்து போன வருடம் பாஸான பையன் வருவான். கம்பி எவ்வளவு துருவில் கரைந்து போனால் புதுக்கம்பி சேர்க்கணும் என்று அவனிடம் கேட்டால் என்னையே திருப்பிக் கேட்பான். தப்பு எல்லாப் பக்கமும் இருக்கிறது.

தூணும்_பீமும்

சாரங்கட்டி அண்ணா, மறுக்க மாட்டேன். அந்தப் பையன் விஷயத்தில் எங்கள் தொழில் வெட்கப்பட வேண்டும்.

ஆனால் செயலாளர் சார் சொன்ன கொட்டேஷனைப் பாருங்கள். 14 தூணுக்கும் ஜாக்கெட்டிங். வெடித்திருப்பது நான்கைந்து. மீதி ஒன்பதுக்கு எதற்கு என்று யாரும் சோதிக்கவில்லை. வெடித்த ஐந்துக்கும்கூட அதுதான் மருந்தா என்று பார்க்கவில்லை. இந்த எண்ணிக்கையை முடிவு செய்தவரே வேலையையும் செய்கிறார், அந்த முடிவு சரியென்று கையெழுத்துப் போடுகிறவருக்கு 40 ஆயிரத்தையும் அவரே கொடுக்கிறார். அந்த இன்ஜினியர் நேர்மையானவராகவே இருக்கட்டும். "ஜாக்கெட்டிங் ஆறு தூணுக்குப் போதும்" என்று எழுதினால் அடுத்த வேலைக்கு அவரை யார் கூப்பிடுவார்கள்? செயலாளருக்கு இடறியது இதுதான் என்று நினைக்கிறேன்.

நோயைக் கண்டுபிடிக்கும் வேலையும் சரி செய்யும் வேலையும் ஒருவர் பணத்தில் நடக்கக் கூடாது. இன்ஜினியருக்குச் சங்கம் பணம் கொடுக்கட்டும், சோதனைக் கூடத்துக்குச் சங்கமே நேராகப் பணம் கொடுக்கட்டும். காண்டிராக்டர் அதற்கப்புறம் வரட்டும்.

என்ன சோதனை என்று கேட்பீர்கள். மேலிருந்து கீழாக, கம்பி போகும் தடத்திலேயே வெடிப்பு என்றால் பெரும்பாலும் துருதான் காரணம். இரும்பு துருவானால் பருமன் பல மடங்கு கூடும், கம்பியை மூடியிருக்கும் கவர் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஆனால் துரு எதனால்? காற்றிலிருக்கும் கரியமில வாயு கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைத்ததாலா, உப்பாலா? முதலாவதற்கு உடைத்த புது முகத்தில் ஃபினாப்தலின் தெளித்தால் தெரிந்துவிடும். நல்ல கான்கிரீட் ரோஜா நிறமாகும், காரம் இழந்த பகுதி நிறம் மாறாது. உப்புக்கு, ஆழம் ஆழமாகத் துளைத்துத் தூள் எடுத்துக் குளோரைடு பார்க்க வேண்டும். கான்கிரீட் போடும்போதே ஒரு கன மீட்டரில் 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான தர விதி ஐஎஸ் 456-இன் வரம்பு. உங்கள் பகுதியில் 1993-இல் என்ன தண்ணீரில் கலவை போட்டார்களோ!

மலிவாக ஆடிட் செய்கிறேன் என்று வருகிறவர்கள் ரீபவுண்ட் சுத்தியல் ஒன்றை மட்டும் கொண்டுவருவார்கள். தூணில் தட்டி எண் குறித்து ஓர் அறிக்கை. பழைய கட்டடத்தில் அது ஏமாற்றும். காரம் இழந்த மேற்தோல் இறுகிவிடுவதால் சுத்தியல் உள்ளதைவிட நல்ல எண் காட்டும். கூடவே மீயொலி சோதனை வேண்டும். பழைய ஐஎஸ் 13311 அட்டவணைப்படி கான்கிரீட்டுக்குள் அந்த ஒலி விநாடிக்கு 3.5 கி.மீ.க்கு மேல் போனால் நல்ல கான்கிரீட், 3-க்குக் கீழே என்றால் சந்தேகம். சந்தேகப்பட்ட இடத்தில் கோர், அதாவது உருளையாகத் துளைத்து மாதிரி, எடுக்க வேண்டும். மூன்றுக்குக் குறையாமல் எடுத்து, சராசரி வலிமை அந்தக் கான்கிரீட்டுக்குக் குறித்த கிரேடு வலிமையில் 85 சதவீதம், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் ஐஎஸ் 456 ஏற்றுக்கொள்கிறது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 2000-க்கு முந்தைய விதியில் எம்15 கான்கிரீட்டில் (வலிமை சதுர மி.மீ.க்கு 15 நியூட்டன்) ஆர்சிசி, அதாவது கம்பி வைத்த கான்கிரீட், போடலாம். இன்று கடலோரத்தில் நேராகக் காற்றுப்படும் இடத்துக்கு எம்30, கவர் 45 மி.மீ. கேட்கிறது. உங்கள் கட்டடத்தை இன்றைய விதியோடு ஒப்பிட்டு "தேறவில்லை" என்று பயமுறுத்தினால் நம்பி ஓடாதீர்கள். அன்று எதற்காக வடிவமைத்தார்கள், இன்று எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பொருளாளர்_அண்ணாநகர்

நாங்கள் இதைக் கடந்து வந்தவர்கள், பணப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். (நான் இன்ஜினியர் இல்லை, கணக்கு எழுதுகிறவள்.)

இன்ஜினியர் ஃபீஸை ரிப்பேர் செலவில் இத்தனை சதவீதம் என்று ஒருபோதும் பேசாதீர்கள். செலவு கூடக் கூட அவருக்கு வருமானம் என்றால் செலவு குறையுமா? எங்களிடம் மூன்று பேர் புரொபோசல் கொடுத்தார்கள், ஒருவர் சதவீதம் கேட்டார், அவரை முதலிலேயே தள்ளினோம். மீதி இருவரில் குறைந்த தொகை கேட்டவரை எடுக்கவில்லை. அவருடைய ஒரு பக்கத் தாளில் "ஆடிட் மற்றும் சான்றிதழ்" என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

எடுத்தவரோடு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதிக்கொண்டோம். முதலில் பார்வை, சோதனை, அறிக்கை. அத்தோடு நிறுத்திக்கொள்ள எங்களுக்கு உரிமை உண்டு. அடுத்து ரிப்பேர் வரைபடமும் அளவுப் பட்டியலும். அதற்கடுத்து டெண்டர் வரும்போது ஒப்பிட்டுச் சொல்வது. கடைசியாக மேற்பார்வை. எந்தெந்தக் கட்டத்தில் அவரே நேரில் வர வேண்டும் என்பதையும் சேர்த்தோம்: பூச்சு உடைத்துக் கம்பி வெளியே தெரியும்போது, புதுக்கம்பி கட்டி முடிந்து மூடுவதற்கு முன், முட்டு எடுக்கும்போது. சாரங்கட்டி சார் சொன்ன பையன் பிரச்சினைக்கு இதுதான் எங்கள் வழி. மூடுவதற்கு முன் அவர் கையெழுத்து இல்லாவிட்டால் காண்டிராக்டருக்கு அந்தப் பில் கிடையாது.

அளவுப் பட்டியல் இல்லாமல் "மொத்தம் 22 லட்சம்" என்பதற்கு அர்த்தமே இல்லை. பழைய கட்டடத்தில் உடைத்துப் பார்க்காமல் அளவு தெரியாது. அதனால் சதுர அடிக்கு இவ்வளவு, கம்பி கிலோவுக்கு இவ்வளவு என்று விலை மட்டும் முடிவு செய்து, அளவைச் சேர்ந்து அளந்து குறித்தோம். எங்கள் கமிட்டியில் ஓய்வு பெற்ற பொதுப்பணித்துறைக்காரர் ஒருவர் டேப்போடு நின்றார். காண்டிராக்டர் முதல் வாரம் முறைத்தார், பிறகு பழகிவிட்டது.

செம்பூர்வாசி

பம்பாயில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 30 வருடம் தாண்டிய கட்டடம் என்றால் மாநகராட்சிச் சட்டம் 353பி பிரிவின்படி, மாநகராட்சியில் பதிவு பெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்து ஆடிட் செய்து அறிக்கை கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் நோட்டீஸ், அபராதம். அறிக்கையில் கட்டடத்தைத் தரம் பிரிப்பார்கள்: சி1 என்றால் காலி செய்து இடிக்க வேண்டியது, சி2ஏ பெரிய ரிப்பேர் (ஒரு பகுதியைக் காலி செய்து), சி2பி காலி செய்யாமலே ரிப்பேர், சி3 சில்லறை வேலை.

அங்கே வேறு தமாஷ். ரீடெவலப்மென்ட் வேண்டுபவர்கள் ஓர் இன்ஜினியரிடம் சி1 வாங்குவார்கள், வேண்டாதவர்கள் இன்னொருவரிடம் சி2 வாங்குவார்கள். இரண்டும் மோதினால் மாநகராட்சியின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு பார்க்கும். ஆகவே சங்கம் பணம் கொடுத்துவிட்டால் மட்டும் இன்ஜினியர் நடுநிலை ஆகிவிட மாட்டார். சங்கத்துக்குள்ளேயே இரண்டு கட்சி இருந்தால் யார் கூப்பிட்டார்கள் என்பதும் பேசும். பொதுக்குழுவில் வைத்து நியமியுங்கள்.

தோபாயோ_கணேசன்

சிங்கப்பூரில் 1986 மார்ச்சில் ஹோட்டல் நியூ வேர்ல்ட் இடிந்து 33 பேர் இறந்த பிறகு 1989-இல் சட்டம் வந்தது. குடியிருப்புக் கட்டடம் 10 வருடத்துக்கு ஒருமுறை, மற்றவை 5 வருடத்துக்கு ஒருமுறை. கடிதம் வரும், உரிமையாளர் புரொஃபஷனல் இன்ஜினியரை நியமிக்க வேண்டும். பார்த்தாகி நல்லபடி என்றால் அத்தோடு சரி. விழுந்த பின் ஓடுவதைவிடச் செலவு குறைவு.

எதற்கு_வம்பு

சிங்கப்பூர் கதை நம் ஊருக்கு உதவாது சார்.

திருவான்மியூர்_செயலாளர்

எல்லோருக்கும் நன்றி. பொதுக்குழு கூட்டினோம். இன்ஜினியரைச் சங்கம் நியமிப்பது என்று தீர்மானம் ஆனது, ஆனால் ஒருமனதாக இல்லை.

இரண்டு தொல்லை. ஒருவர் போனில், "வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புங்க, 15 ஆயிரத்துக்குச் சர்டிபிகேட் கொடுத்துடறேன்" என்றார். கமிட்டியில் ஒருவருக்கு அது பிடித்துவிட்டது. இரண்டாவது, ஸ்ட்ரக்சுரல் வரைபடம் யாரிடமும் இல்லை. கட்டியவர் இப்போது தொழிலிலேயே இல்லை. சுவர் எடுக்கச் சொன்னவரோ "என் வீடு, என் பணம், உங்களுக்கென்ன" என்கிறார்.

தூணும்_பீமும்

போட்டோவுக்குச் சர்டிபிகேட் கொடுக்கிறவரின் தாளுக்கு மதிப்பு, ஏதாவது நடக்கும் நாள் வரைதான். அன்று அவர் "எனக்கு அனுப்பிய படத்தில் அப்படித் தெரியவில்லை" என்பார்.

வரைபடம் இல்லாதது சகஜம். அனுமதிக் கோப்பின் நகல் கேட்டு மனு போடுங்கள், கிடைத்தால் நல்லது. கிடைத்தாலும் அது பெரும்பாலும் கட்டட பிளானாகத்தான் இருக்கும், கம்பி விவரம் இருக்காது. இன்ஜினியர் தூண், பீம் அளவெடுத்து, கம்பி இருக்கும் இடத்தைக் கருவி வைத்துத் தேடி, ஓரிரு இடத்தில் உடைத்துப் பார்த்துப் புதிதாக வரைந்துகொள்வார். அதற்கான கட்டணத்தையும் முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதியில் வரும்.

நோட்டரி_பக்கத்து_மேசை

"என் வீடு" என்பவருக்கு: அவருடைய கிரயப் பத்திரத்தில் பிரிக்கப்படாத பங்கு என்று ஒன்று இருக்கும். தூண், பீம், ஸ்லாப் எல்லாம் பொதுச் சொத்து, 18 பேருக்கும் சேர்ந்தது. கட்டடத்தின் உறுதியைப் பாதிக்கும் வேலையை ஒருவர் தனியாகச் செய்யக் கூடாது என்ற நிபந்தனை சங்க பை-லாவில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். இருந்தால் அதைக் காட்டிக் கடிதம் கொடுங்கள், வாய்ச் சண்டை வேண்டாம்.

சிலர் புதுச் சட்டத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள். 2022 அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் வரும் மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் என்பது இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்கு. சாதாரண ரிப்பேருக்கு உங்கள் பை-லாவில் உள்ள பெரும்பான்மைதான்.

இதைப் படிக்கும் புதுக் கட்டடக்காரர்களுக்கு: சாவி வாங்கி 5 வருடம் ஆகவில்லை என்றால் இன்ஜினியரைத் தேடும் முன் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் 14(3) பிரிவைப் படியுங்கள். கட்டமைப்புக் குறையை 30 நாளில் செலவில்லாமல் சரி செய்து தர வேண்டியது கட்டியவர் பொறுப்பு. நீங்களே ஒட்டுப்போட்டு மூடிவிட்டால் நிரூபிப்பது கஷ்டம், அறிக்கை வாங்கிவிட்டு மூடுங்கள்.

கணபதி_குருகிராம்

நான் டெல்லிப் பக்கம் வேலை. இரண்டாம் மாடிக்காரரிடம் இதைக் காட்டுங்கள். 2022 பிப்ரவரி 10, குருகிராம் செக்டர் 109, சின்டெல்ஸ் பாரடைசோ. ஆறாம் மாடி வீடு ஒன்றில் சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த ஹாலின் தளம் இடிந்து ஒன்றன்மேல் ஒன்றாக முதல் மாடி வரை போனது. கீழ் வீடுகளில் இருந்த இரண்டு பெண்கள் இறந்தார்கள். அவர்கள் வீட்டில் எந்த வேலையும் நடக்கவில்லை. பிறகு ஐஐடி டெல்லி சோதித்தது. கான்கிரீட்டில் குளோரைடு, கம்பியெல்லாம் துரு, ரிப்பேர் செய்து காப்பாற்ற முடியாது என்ற முடிவு. வேறு டவர்களையும் காலி செய்து இடிக்கச் சொன்னார்கள். அதிகம் போனால் பத்துப் பன்னிரண்டு வருடக் கட்டடம்.

சாரங்கட்டி

முட்டு கொடுக்காமல் உடைக்கிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் உண்டு, அதைச் சொல்லத்தான் வேண்டும். அடுத்தடுத்த தூணை ஒரே நேரத்தில் உடைக்கவே கூடாது. ஒன்றை முடித்து, கான்கிரீட் இறுகிய பிறகுதான் பக்கத்தது. ஆனால் லேபருக்கு வேலை இல்லாமல் நிற்கக் கூடாது என்று மேஸ்திரி நாலு தூணில் ஒரே நேரத்தில் உளி வைத்துவிடுவார். வேலை வரிசையை இன்ஜினியர் வரைபடத்திலேயே எண் போட்டுக் கொடுத்தால் எங்களுக்கும் நல்லது. தாமதம் ஏன் என்று சங்கம் கேட்டால் காட்ட ஒரு தாள் இருக்கும்.

திருவான்மியூர்_செயலாளர்

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பதிவு எண் சரிபார்த்து ஓர் இன்ஜினியரை நியமித்துவிட்டோம். அம்மையார், அனுபவசாலி. வந்த முதல் நாளே சோதனைக்கு முன் இரண்டு தூண்களுக்குப் பக்கத்தில் கார்களை எடுக்கச் சொல்லி ஸ்லாபுக்கு இரும்பு முட்டு வைக்கச் சொன்னார். காரை எடுக்க மறுத்த ஒருவர் மட்டும் பாக்கி இருந்தார். அவரிடம் அம்மையார், "எழுதிக் கொடுங்க, எனக்கு ஃபைல்ல வேணும்" என்று பேனாவை நீட்டினார். கார் போய்விட்டது.

அறிக்கையின் சாரம் இது. ஐந்து தூணில் மீயொலி வேகம் 3-க்குக் கீழே. மூன்று கோரின் வலிமை சதுர மி.மீ.க்கு 14.2, 13.1, 9.8 நியூட்டன். எம்15 என்று எடுத்துக்கொண்டால் சராசரியும் தவறுகிறது, மூன்றாவது தனியாகவும் தவறுகிறது. அந்த மூன்றாவது தூணுக்கு நேர் மேலே மூன்று மாடிக் கழிவறையும் ஒன்றன்மேல் ஒன்று. குழாய் ஒழுகி வருடக்கணக்கில் ஓதம் இறங்கியிருக்கிறது. குளோரைடு அந்த ஐந்தில்தான் அதிகம், மற்ற தூண்களில் வரம்புக்குள்.

முடிவு: மூன்று தூணுக்கு ஜாக்கெட்டிங், இரண்டுக்கு கவர் மாற்றி மைக்ரோ கான்கிரீட் (பொடி ஜல்லிக் கலவை), மீதி ஒன்பதுக்கு சிமென்ட் பூச்சும் பாதுகாப்புக் கோட்டிங்கும் மட்டும். முதலில் கழிவறைக் குழாய்களை மாற்றாமல் எந்தத் தூணையும் தொடக் கூடாது என்று தடித்த எழுத்தில் எழுதியிருக்கிறார். மண்டல அலுவலகத்துக்கான மனு, பார்க்கிங் எப்படி மாறுகிறது என்ற வரைபடம் எல்லாம் அவரே தயாரித்துக் கொடுத்தார். கார்ப்பரேஷனில் ஒருமுறை விளக்கம் கேட்டார்கள், அவ்வளவுதான். மூலைக் கார் ஒன்று நிற்க இடமில்லை, அதற்கு இன்னும் பஞ்சாயத்து ஓடுகிறது.

சுவர் விஷயம்: அந்தச் சுவர் தனியாகப் பாரம் தாங்கவில்லை, பீம்தான் தாங்குகிறது என்றார். நண்பர் உடனே மலர்ந்துவிட்டார். ஆனால் அவர் பால்கனியை உள்ளே சேர்த்துக் கிரானைட் போட்டு மூடப் போகிறார் என்று தெரிந்ததும் அம்மையார் முடியாது என்றுவிட்டார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்லாபில் பாரம் தாங்கும் கம்பி மேல் பக்கம் இருக்குமாம். டைல்ஸ் இடுக்கில் இறங்கும் தண்ணீர் நேராக அதைத்தான் தொடும், கீழிருந்து பார்த்தால் தெரியாது. நண்பர் என்னோடு பேசுவதில்லை.

சாரங்கட்டி

தப்பாக நினைக்காதீர்கள், ஒரு விஷயம். உப்பு ஏறிய கான்கிரீட்டில் துரு தெரிகிற இடத்தை மட்டும் வெட்டி ஒட்டினால் இரண்டு வருடத்தில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். பார்த்திருக்கிறேன். அதைக் கேட்டீர்களா?

தூணும்_பீமும்

அண்ணா சொல்வது முக்கியமானது. புது ஒட்டுக்குள் இருக்கும் கம்பி பாதுகாப்பாகிவிடும், அதையொட்டி உப்புக் கான்கிரீட்டில் இருக்கும் கம்பி வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். ஒரே கம்பி, இரண்டு சூழல், நடுவே மின்வேதி வினை. அதனால் கம்பியைச் சுற்றிப் பின்பக்கமும் விரல் நுழையும் அளவு உடைத்து, துரு தெரியும் எல்லையைத் தாண்டியும் கொஞ்ச தூரம் போக வேண்டும். தேவைப்பட்டால் ஒட்டின் ஓரத்தில் துத்தநாகத் துண்டு கட்டுவார்கள், கம்பிக்குப் பதில் அது கரையும். கம்பியில் சிவப்புப் பெயின்ட் அடித்து மூடுவது மட்டும் ரிப்பேர் ஆகாது.

திருவான்மியூர்_செயலாளர்

கேட்டேன். அந்த இரண்டு தூணுக்கும் துத்தநாகம் வரைபடத்தில் இருக்கிறது. புது டெண்டரில் பழைய காண்டிராக்டரும் கலந்துகொண்டார், இந்த முறை 13 லட்சம் சொன்னார். குழாய் வேலை தனி. வேலை அவருக்குப் போகவில்லை, இன்னொருவர் கொஞ்சம் அதிகம் கேட்டும் அவருடைய பழைய சைட்டைப் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுத்தோம்.

கடைசியாக ஒரு கேள்வி. வேலை முடிந்ததும் இன்ஜினியரிடம் "கட்டடம் பாதுகாப்பானது" என்று சான்று வாங்க வேண்டும் என்று வாடகைக்கு விட்டிருப்பவர்கள் சொல்கிறார்கள். அம்மையார் அப்படி எழுத மாட்டேன் என்கிறார். இது நியாயமா?

தூணும்_பீமும்

நியாயம்தான். அவர் பார்த்தது எது, சோதித்தது எது, வரைபடப்படி நடந்தது எது என்பதை மட்டுமே அவரால் எழுத முடியும். எந்தெந்தத் தூணில் என்ன செய்தது, என்ன பொருள், எந்தத் தேதியில் மூடும் முன் பார்த்தார், மறுபடி எப்போது பார்க்க வேண்டும், எந்த வேலையை மாடிக்காரர்கள் செய்யக் கூடாது என்று பட்டியலாக வாங்குங்கள். புகைப்படங்களோடு இரண்டு நகல், ஒன்று சங்கத்தில், ஒன்று செயலாளர் மாறினாலும் மாறாத இடத்தில். பால்கனிக் குறிப்பை அதில் தனி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். நண்பர் வீட்டை விற்றால் வாங்குகிறவர் அதைத்தான் செய்யப் பார்ப்பார்.

பொருளாளர்_அண்ணாநகர்

இன்ஜினியரின் கடைசித் தவணையை அந்தத் தாள் கைக்கு வரும்வரை வைத்துக்கொள்ளுங்கள் சார். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறீர்கள்தானே?

திருவான்மியூர்_செயலாளர்

எழுதியிருக்கிறது மேடம். அதைச் சேர்க்கச் சொன்னதே அம்மையார்தான்.